சாவா மூவாப் பேராடு

(தலைப்பு: பூமியின் சூட்டைத் தணிக்கப் பெரிதும் கைகொடுப்பது அரசாங்கத்தின் சட்டமா? ஆலயங்களின் வழிகாட்டலா? ‘ஆலயங்களின் வழிகாட்டலே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சட்டப் புத்தகத்தை மடியிலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! மயிலாப்பூரிலே இந்த அரங்கம் நிறையக் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, “இவர் எப்ப முடிப்பார், சாப்பாடு எப்ப போடுவாங்க” என்று காத்திருக்கிற அன்பர்களே! 

பேச வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். இந்த மேடைக்கு மேலே எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்துநாலு. (சிரிப்பு) மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று பேசுவதற்கு இருபத்துநாலு விளக்கு! கீழே நீங்கள் ஏசிக் குளிரிலே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மேலே நான் சால்வை போட்டுவிடுவார்களோ என்று பயந்து வேர்த்துக்கொண்டு நிற்கிறேன். (சிரிப்பு, கைத்தட்டல்) நடுவர் அவர்களே, இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் இந்தக் குற்றத்திலே பங்காளி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

எதிரணியிலே வழக்கறிஞர் நண்பர் பேசினார். ஆணித்தரமாகப் பேசினார். என்ன சொன்னார்? “2003-லே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினது யாரு? சட்டம். 2019 ஜனவரி ஒண்ணாம் தேதி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டிலே தடை போட்டது யாரு? சட்டம். 2015-லே ஆரம்பிச்சு நாடு முழுக்க முப்பத்தாறு கோடிக்கு மேலே எல்.இ.டி. பல்பு கொண்டுபோய்ச் சேர்த்தது யாரு? அரசாங்கத் திட்டம். இதிலே உங்க கோயிலும் சர்ச்சும் மசூதியும் எங்கே வந்தது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவர் சொன்ன மூன்றும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவரிடம் மூன்று சின்னக் கேள்வி கேட்கிறேன்.

மழைநீர்த் தொட்டியைக் கட்ட வைத்தது சட்டம். சரி. கட்டின தொட்டியிலே மண் அடைத்துக்கொண்டால், வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் அதைத் தூர் வாருகிறவன் யார்? பிளாஸ்டிக் பையைத் தடை செய்தது சட்டம். சரி. துணிப்பையை ஆணியிலிருந்து எடுத்து, மறக்காமல் கடைக்குக் கொண்டுபோகிற கை யாருடையது? பல்பைக் கொடுத்தது சட்டம். சரி. ஆளில்லாத அறையிலே அந்தப் பல்பை நிறுத்தப் போலீசு வருமா? (கைத்தட்டல்)

இன்னொன்று. பல்பு சின்னதாயிற்று. நாம் என்ன செய்தோம்? பழைய குண்டு பல்பு காலத்திலே திருவிழாவுக்கு ஒரு வளைவு போட்டோம். இப்போது எல்.இ.டி. வந்தவுடனே, “கரண்டு கம்மியாத்தானே இழுக்குது” என்று தெருவுக்குத் தெரு, மரத்துக்கு மரம், மரத்திலே கிளைக்குக் கிளை சீரியல் லைட்டு சுற்றிவிட்டோம். காக்கா கூட்டிலே படுக்க முடியாமல் முழிக்கிறது. (சிரிப்பு) சட்டம் விளக்கை மாற்றியது, ஆசையை மாற்றவில்லை. ஆசையை மாற்றுகிற வேலை யாருக்கு? ஆலயத்துக்குத்தான். வேறு எதற்காக ஆலயம் இருக்கிறது?

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். எனக்கு விஞ்ஞானம் கொஞ்சம்தான் தெரியும். கொஞ்சம் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால் காற்றிலே பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் போர்த்திய போர்வை அது. போர்வை கனத்தால் சூடு ஏறும். 2024-ஆம் ஆண்டு பூமியின் சராசரி வெப்பம் பழைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி கூடியது என்று உலக வானிலை நிறுவனம் கணக்குச் சொன்னது. 2015-லே பாரிசிலே உலக நாடுகள் உட்கார்ந்து, ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்தப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டன. ஒன்பதே வருஷத்திலே ஒரு வருஷமாவது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோம்.

அது நமக்கு என்ன செய்யும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலே அடையாறு பொங்கி வீட்டுக்குள்ளே வந்தது. 2019 ஜூனிலே ஏரியெல்லாம் வறண்டு, ஜூலையிலே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் மறுபடியும் முழங்கால் தண்ணீரிலே நிறுத்தியது. ஒரு வருஷம் படகு, ஒரு வருஷம் குடம்! எல்லாப் புயலுக்கும் இந்த ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏரியை மேடாக்கி வீடு கட்டினோமே, அந்தப் பாவமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் சூடேறிய கடலும் காற்றும் மழையைக் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்திலே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் வகுப்பிலே கலிய நாயனார் கதை நடத்திக்கொண்டிருந்தேன். அறுபத்து மூவரிலே ஒருவர். திருவொற்றியூர்க்காரர். நம்ம சென்னைதான். எண்ணெய் வாணிபக் குலத்திலே பிறந்த செல்வர். ஒற்றியூர்க் கோயிலுக்கு உள்ளும் புறமும் பகலும் இரவும் விளக்கேற்றுவதே அவருக்குத் தொண்டு. செல்வம் கரைந்தது. கூலிக்கு எண்ணெய் விற்றார். செக்கிலே வேலை செய்து, வந்த கூலியிலே விளக்கேற்றினார். அதுவும் போயிற்று. வீட்டை விற்றார். கடைசியிலே விளக்கு இருக்கிறது, திரி இருக்கிறது, எண்ணெய்க்கு வழியில்லை. என்ன செய்தார்? என் இரத்தத்தையே எண்ணெயாக வார்க்கிறேன் என்று கழுத்திலே கருவியை வைத்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான். கதையைச் சொல்லி முடித்து, நான் உருகி நின்றேன். என் பேச்சிலே நானே மயங்குகிற பழக்கம் எனக்கு உண்டு. (சிரிப்பு)

கடைசி வரிசையிலே ஒரு பெண் எழுந்தாள். எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளை. அவ்வளவு தூரத்திலிருந்து தினம் பஸ் மாறி மாறிப் படிக்க வருகிற பெண். கேட்டாள்:

“அய்யா, ஒற்றியூரு எங்களுக்குப் பக்கத்து ஊரு. அவரு விளக்கெரிச்ச அதே பக்கத்திலேதான் இன்னிக்கு ஊருக்கெல்லாம் விளக்கெரிக்க அனல் மின்நிலையம் இருக்கு. அவரு தன் எண்ணெயை ஊத்தினாரு, தீந்துபோனப்ப தன் ரத்தத்தை ஊத்தப் பாத்தாரு. இப்ப எரியற விளக்குக்கு எண்ணெய் யாருது அய்யா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவளே சொன்னாள்: “எங்க வீட்டிலே துணியைக் காயப் போட்டா, துணியே திருநீறு பூசிக்கும் அய்யா.”

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, முப்பது வருஷம் பாடம் சொன்னேன். அன்றைக்கு ஒரு நாள் பாடம் கேட்டேன். அத்திப்பட்டு, வல்லூர் என்று எண்ணூர்ப் பக்கத்திலே, நம்ம ஊருக்கு வடக்கே நிலக்கரி எரிகிறது. கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் சாம்பல் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்காகப் போனது. நமக்கு வருகிற மின்சாரத்திலே காற்றும் இருக்கிறது, சூரியனும் இருக்கிறது, அணுவும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் பெரிய பங்கு இன்றைக்கும் நிலக்கரிதான். அதிலும் சூரியன் மறைந்த பிறகு, நாம் கோபுரத்துக்கும் கடைக்கும் விளக்குப் போடுகிற நேரத்திலே, கை கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கரிதான். வெளிச்சம் மாடவீதியிலே, தி.நகர் ரங்கநாதன் தெருவிலே. சாம்பல் எண்ணூரிலே. சாம்பலைக் கண்டால் நெற்றியிலே பூசிக்கொள்கிற மரபிலே வந்தவர்கள் நாம். எண்ணூர்ச் சாம்பலைக் கண்டு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா? (கைத்தட்டல்)

சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்காது. நான் என் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டினால் சட்டத்துக்கு நான் யோக்கியன். ‘எண்ணெய் யாருது?’ என்று கேட்கிற இடம் வேறு. அது மனச்சாட்சியின் இடம். ஆலயத்தின் இடம்.

உடனே எதிரணி அம்மையார் சிரிக்கிறார். தெரிகிறது. “ஆலயத்திலேதானே அய்யா அதிகமா எரியுது?” என்று கேட்கப் போகிறார். அம்மா, நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம். இராத்திரி நடை சாத்தின பிறகும் கோபுரத்துக்கு மேலே வெள்ளம் மாதிரி வெளிச்சம். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பொங்கல் வரைக்கும் தொங்குகிறது. ரம்ஜான் முடிந்தும் சரவிளக்கு இறங்கவில்லை. கோயில் டியூப்லைட்டிலே ‘உபயம்’ என்று போட்டு, தாத்தா பேர், அப்பா பேர், பிள்ளை பேர், பேரன் பேர் எழுதினதிலே, வெளிச்சம் வெளியே வர இடமில்லை. (பலத்த சிரிப்பு) குற்றம் நம்ம பக்கமும் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் அம்மா. மறந்து போனவனுக்கு ஞாபகப்படுத்தலாம். தெரியவே தெரியாதவனுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது கஷ்டம். நம் ஆலயங்கள் இந்தக் கணக்கை ஒரு காலத்திலே கல்லிலே வெட்டி வைத்திருந்தன. மறந்துதான் போயின.

என்ன கணக்கு? சொல்கிறேன்.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்க ஆசைப்படுகிறார். நந்தா விளக்கு என்றால் அணையாமல் எரிகிற விளக்கு. அவர் எண்ணெய்க் குடத்தைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஆடு கொடுத்தார். பல கல்வெட்டுக்களிலே ஒரு விளக்குக்கு 96 ஆடு, சிலவற்றிலே 90. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களிலேயும் இந்த 96 வருகிறது. அந்த ஆட்டை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டு ஒரு பெயர் வைத்தது பாருங்கள்: சாவா மூவாப் பேராடு! சாகாத ஆடு, மூப்படையாத ஆடு!

சாகாத ஆடு உண்டா அய்யா? கிடையாது. பின்னே ஏன் அந்தப் பெயர்? ஓர் ஆடு செத்தால், கிழடானால், குட்டியிலிருந்து ஈடு கட்டிவிட வேண்டும். எண்ணிக்கை குறையக் கூடாது. தாத்தா காலத்திலும் தொண்ணூற்றாறு, பேரன் காலத்திலும் தொண்ணூற்றாறு. மந்தை முதல், நெய் வட்டி. வட்டியை எரித்தார்கள், முதலைத் தொடவில்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும் இந்தத் தர்மம் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நூறு வருஷம் ஆயிரம் வருஷம் என்று யோசித்துத் திட்டம் போட்ட இடம் கோயில் அய்யா! இன்றைக்கு ஐந்து வருஷத்துக்கு மேலே யோசிக்கிற சட்டமன்றத்தை எனக்குக் காட்டுங்கள். (பலத்த கைத்தட்டல்)

இப்போது நிலக்கரியைப் பாருங்கள். பல கோடி வருஷத்துக்கு முன்னாலே நின்ற காடு மண்ணுக்குள்ளே புதைந்து கரியாயிற்று. அது பூமி சேர்த்து வைத்த மந்தை. அது குட்டி போடாது. எடுத்து எரித்தால் எரித்ததுதான். நம்ம பாட்டன் நெய்யை எரித்து விளக்கேற்றினான். நாம் ஆட்டையே எரித்து விளக்கேற்றுகிறோம். பேரனுக்கு மந்தையும் இருக்காது, மேய்ச்சல் நிலமும் இருக்காது, புகை மட்டும் இருக்கும்.

அப்படியானால் இன்றைக்கு அந்தச் சாவா மூவாப் பேராடு எங்கே என்று கேட்பீர்கள். நடுவர் அவர்களே, தலைக்கு மேலே மேய்ந்துகொண்டிருக்கிறது! தினம் கிழக்கே தோன்றி மேற்கே போகிறதே, அதுதான். நேற்றுக் கறந்ததால் இன்றைக்குக் குறையவில்லை. இன்றைக்குக் கறந்தால் நாளைக்குக் குறையாது. (கைத்தட்டல்)

நான் கற்பனையிலே பேசவில்லை. நம்ம தி.நகர் வெங்கட்நாராயணா ரோட்டிலே திருமலை தேவஸ்தானத்துக் கோயில் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே வரிசையிலே நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தத் தேவஸ்தானம் திருமலையிலே 2002-லே என்ன செய்தது? 106 குழிவான பெரிய கண்ணாடித் தட்டுக்களை வைத்தது. அவை சூரியனைப் பார்த்துத் திரும்பும். அந்தச் சூட்டிலே தண்ணீர் ஆவியாகும். நாளைக்கு 4,000 கிலோ நீராவி, சுமார் 15,000 பேருக்குச் சமைக்க. வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேலே டீசல் மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. பெருமாள் சாப்பாட்டுக்குச் சூரியநாராயணனே அடுப்பு மூட்டின கதை அது! ‘சமையலறையிலே டீசல் எரிக்காதே’ என்று எந்தச் சட்டம் சொன்னது? எந்தப் போலீசு பிடித்தது?

கிறித்தவ நண்பர்கள் கோபிக்கக் கூடாது, அடுத்து உங்கள் வீட்டுக்கு வருகிறேன். 2008-லே வத்திக்கானிலே ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரை மேலே 2,400 சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். 2015-லே போப் பிரான்சிஸ், ‘லாவுதாத்தோ சி’ என்று பூமியைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். அதே 2015 ஆகஸ்டிலே இஸ்தான்புல்லிலே முஸ்லிம் அறிஞர்கள் கூடி, பருவநிலை பற்றி ஓர் இஸ்லாமியப் பிரகடனம் வெளியிட்டார்கள். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலே இஸ்திக்லால் மசூதி இருக்கிறது, தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பெரியது. அதன் கூரையிலே ஐந்நூறுக்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள். 2022-லே அதற்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழே கிடைத்தது. இதோ நடந்து போகிற தூரத்திலே, இராயப்பேட்டை வைட்ஸ் சாலையிலே, தென்னிந்தியத் திருச்சபையின் தலைமையகம் இருக்கிறது. அந்தச் சபையிலே சுற்றுச்சூழலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பாரிசிலே அரசாங்கங்கள் ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே வேதம் படிக்கிறவர்கள் எழுதிவிட்டார்கள் அய்யா.

“மதம்னா சண்டைதானே, இவங்க எங்கே ஒண்ணா சேர்றது?” என்று எதிரணித் தம்பி கேட்டார். தம்பி, நீங்கள் இந்த ஊருக்குப் புதிது போலிருக்கிறது. இந்தக் கபாலீசுவரர் தெப்பக்குளத்து நிலம் ஆற்காட்டு நவாபு கொடுத்தது என்று சொல்வார்கள். முகரம் சமயத்திலே முஸ்லிம்கள் இந்தக் குளத்துக்கு வருகிற வழக்கம் உண்டு. இராதாகிருஷ்ணன் சாலையிலே சூஃபிதார் கோயில் இருக்கிறது. அங்கேயிருந்து சிந்தி இந்துக்கள் பல பத்து வருஷமாகத் திருவல்லிக்கேணி வாலாஜா மசூதிக்கு நோன்பு திறக்கச் சாப்பாடு கொண்டுபோய்ப் பரிமாறுகிறார்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள்ளே போய்ப் பாருங்கள். ஒரே வளாகத்திலே கோயில், தேவாலயம், மசூதி, புத்தர் கோயில், பார்சி வழிபாட்டிடம் எல்லாம் இருக்கும். நடுவிலே அந்த ஆலமரம். அதன் தாய்மரம் 1989 புயலிலே சாய்ந்துவிட்டது. ஆனாலும் மரம் நிற்கிறது. எதனால்? விழுதுகளால்! குழம்பும் சோறும் மதம் தாண்டிப் போகிற ஊரிலே கரண்டு கணக்கு போகாதா? (கைத்தட்டல்)

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது நடுவர் அவர்களே. சட்டம் ‘செய்யாதே’ என்று சொன்னால் மனிதன் சந்து தேடுகிறான். சாமி பேரைச் சொல்லி ‘விட்டுக்கொடு’ என்றால் சந்தோஷமாக விட்டுக்கொடுக்கிறான். சிகரெட்டை நிறுத்து என்று டாக்டர் சொன்னார், கேட்கவில்லை. பெண்டாட்டி அழுதாள், கேட்கவில்லை. மாலை போட்டான், நாற்பத்தோரு நாள் தொடவில்லை! (சிரிப்பு, கைத்தட்டல்) ரமலான் மாதம் முழுக்க, கொளுத்துகிற வெயிலிலே, தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்க, ஒரு சொட்டுத் தொடாமல் ஆட்டோ ஓட்டுகிற பாய் இருக்கிறார். தவக்காலம் நாற்பது நாளும் கவிச்சியைத் தொடாத சாந்தோம் மீனவர் இருக்கிறார். அவர்களை யார் சோதனை போட்டார்கள்? எந்த இன்ஸ்பெக்டர்? 2008-லே இங்கிலாந்திலே பிஷப்புகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தவக்காலத்திலே இறைச்சியை விடுகிற மாதிரி, கரியமில வாயுவுக்கும் ஒரு நோன்பு இருங்கள், ஒரு பல்பையாவது விடுங்கள் என்றார்கள். நோன்பு என்கிற சொல் நமக்குப் புதிதா? திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று என்று வாரம் முழுக்க விரதம் இருக்கிற மயிலாப்பூர் மாமிகளுக்கு மின்சார விரதம் ஒரு பெரிய காரியமா? (பெண்கள் பக்கமிருந்து கைத்தட்டல்)

நடுவர் மணியைப் பார்க்கிறார். மணியைத்தான் பார்க்கிறார், அடிக்கவில்லை. அதற்குள்ளே மூன்று வேண்டுகோள்.

ஒன்று. ஆலயத்திலே அறிவிப்புப் பலகை இருக்கிறது. அன்னதானத்துக்கு எவ்வளவு, திருப்பணிக்கு எவ்வளவு என்று எழுதுகிறோம். அதே பலகையிலே இந்த மாதம் எத்தனை யூனிட் மின்சாரம், போன மாதம் எத்தனை என்று எழுதுங்கள். கல்லிலே வெட்ட வேண்டாம், சாக்பீசிலே எழுதினால் போதும். கணக்குத் தெரிந்தால் கை தானாகச் சுருங்கும்.

இரண்டு. உபயத்தை மாற்றுங்கள். ஒரு மண்டபத்திலே நூறு மின்விசிறி என்று வைத்துக்கொள்வோம். பழைய விசிறி 75 வாட்டு இழுக்கும். இப்போது வருகிற புதுவகை விசிறி 28 வாட்டு. ஒன்றுக்கு 47 வாட்டு மிச்சம். நூறு விசிறி, நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 47 யூனிட் மிச்சம். வருஷத்துக்கு 17,155 யூனிட். ஒரு யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் கரியமில வாயு என்று வைத்தால், பன்னிரண்டு டன். விசிறி இறக்கையிலே பேர் எழுதாதீர்கள், சுற்றும்போது யாருக்கும் தெரியாது. (சிரிப்பு) பலகையிலே எழுதுங்கள்: ‘தினம் 47 யூனிட் மிச்சம், உபயம் இன்னார் குடும்பம்’. அதுதான் இந்தக் காலத்து நந்தா விளக்கு! எரிகிற விளக்குக்கு உபயம் கொடுத்தோம். இனிமேல் எரியாத விளக்குக்கும் உபயம் கொடுப்போம்.

மூன்று. கோபுரத்திலே, விமானத்திலே தகடு வைக்கச் சொல்லவில்லை. ஆகமம் இருக்கிறது, அழகு இருக்கிறது. ஆனால் ஆலயத்தைச் சேர்ந்த கலியாண மண்டபம், பள்ளிக்கூடம், அலுவலகம், வண்டி நிறுத்துமிடம் என்று எவ்வளவு கூரை வெயிலிலே சும்மா காய்கிறது! தமிழ்நாட்டிலே அறநிலையத் துறையின் கீழே மட்டும் 40,000-க்கு மேற்பட்ட கோயில்களும் மடங்களும் இருக்கின்றன. தேவாலயம், பள்ளிவாசல், அவற்றின் பள்ளிக்கூடங்கள் தனி. ஒவ்வொரு கூரையிலும் சாவா மூவாப் பேராட்டைக் கட்டி வைக்கலாம்.

2019 கோடையிலே கோயில்களிலே மழைக்கு யாகம் செய்தார்கள். பள்ளிவாசல்களிலே மழைத் தொழுகை நடந்தது. தேவாலயங்களிலே ஜெபம் செய்தார்கள். நான் கேலி செய்யவில்லை, நானும் கும்பிட்டவன்தான். ஆனால் வானத்தைப் பார்த்துக் கேட்கிற கைக்குக் கீழே ஒரு சுவிட்சு இருக்கிறது என்பதையும் ஆலயம்தான் நமக்குச் சொல்ல வேண்டும். சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னாலே ஒரு மரத்தூண் இருக்கிறது. கடல் அதைத் தாண்டாது என்று புனித தோமையார் நட்டதாக நம்பிக்கை. 2004 சுனாமியின்போது அந்தத் தூண்தான் காத்தது என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் வணங்குகிறேன். ஆனால் கடல் மட்டம் உயர்ந்துகொண்டே வருகிறது. 1900-லிருந்து உலக அளவிலே சுமார் 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. ஒரு தூணை நட்டவர் தன் வேலையைச் செய்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த தூணை நட வேண்டியவர்கள் நாம்.

முடிக்கிறேன். எங்க அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

சின்ன வயதிலே ஒருநாள் அம்மா, “தூங்கப் போறேன், விளக்கை...” என்று ஆரம்பித்தாள். நான் முந்திக்கொண்டு, “அணைச்சிடட்டுமாம்மா?” என்று கேட்டேன். வாயிலே ஒரு போடு போட்டாள். “விளக்கை அணைக்கிறேன்னு சொல்லக்கூடாதுடா. குளிர வைக்கிறேன்னு சொல்லு” என்றாள். நம்ம வீடுகளிலே எல்லாம் அந்த வழக்கு உண்டு. சிலர் மலையேற்றுவது என்பார்கள், சிலர் குளிர வைப்பது என்பார்கள். ஏற்றுகிறபோது காட்டுகிற மரியாதையை நிறுத்துகிறபோதும் காட்டினார்கள். எங்க அம்மா ஆளில்லாத அறையிலே ஒரு விளக்கை எரியவிட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்குச் சட்டம் தெரியாது. பாரிசு எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. எண்ணெய் யாருடையது என்று மட்டும் தெரியும்.

நடுவர் அவர்களே, இன்றைக்கு நள்ளிரவிலே ஒவ்வொரு கோயிலிலும், ஒவ்வொரு தேவாலயத்திலும், ஒவ்வொரு பள்ளிவாசலிலும், அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும், வேண்டாத விளக்கைக் குளிர வைக்கட்டும். விளக்குக் குளிர்ந்தால் எண்ணூரிலே அடுப்புக் குளிரும். அடுப்புக் குளிர்ந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக் கொடியிலே துணி வெள்ளையாகக் காயும். அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த ஊர் ஆலயங்கள் சொல்லட்டும். சொல்லும் என்ற நம்பிக்கையிலேதான், சூட்டைத் தணிக்கப் பெரிதும் கைகொடுப்பது ஆலயங்களின் வழிகாட்டலே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி கேட்டு அமர்கிறேன்.

போகிற போக்கிலே, மேடை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நான் உட்கார்ந்த பிறகு, இந்த இருபத்துநாலு விளக்கிலே ஒரு பன்னிரண்டைக் குளிர வைத்துவிடுங்கள். நடுவர் முகம் பன்னிரண்டிலேயே நன்றாகத்தான் தெரியும். (பலத்த சிரிப்பு)



(நீண்ட கைத்தட்டல்)